முதல் பிரஸ்ஸே புரோகிரசிவா?

தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்பப் பழகுகிறவர் எடுத்த எடுப்பிலேயே புரோகிரசிவ் பிரஸ் (தோட்டா நிரப்பும் கைப்பிடி இயந்திரத்தில் ஒரு வகை) வாங்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. கடலூர் சிப்காட்டில் லேத் வேலை பார்க்கிறேன். டெக்சாஸில் இருக்கும் மச்சான் இதையே கேட்டபோது ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்தான் வாங்கச் சொன்னேன். புரோகிரசிவில் ஒரு இழுப்புக்கு நாலைந்து வேலை சேர்ந்து நடக்கும். புதுக் கை எதையென்று கவனிக்கும்? ஒரே தோட்டாக் கூட்டில் வெடிமருந்து இரண்டு தடவை விழுந்தால் துப்பாக்கியே வெடித்துவிடும். சிங்கிள் ஸ்டேஜ் மெதுவுதான், ஆனால் குண்டு பொருத்தும் முன் கூடுகளை வரிசையாக வைத்து, டார்ச் அடித்து மருந்து மட்டத்தைப் பார்த்துவிடலாம்.

காசு இடித்தால் பிரஸ்ஸில் குறையுங்கள், மருந்தை நிறுக்கும் தராசில் வேண்டாம். பிரஸ்ஸின் இரும்புச் சட்டகம் 'ஓ' வடிவமாக இருந்தால் நல்லது. 'சி' வடிவம் அழுத்தத்தில் கொஞ்சம் விரியும். பிரஸ்ஸில் திருகி மாட்டும் டைகள் (கூட்டுக்கு வடிவம் கொடுத்து, குண்டைப் பொருத்தும் அச்சுகள்) பெரும்பாலும் 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை என்ற ஒரே அளவு (டில்லன் ஸ்கொயர் டீல் என்ற பிரஸ்ஸின் டைகள் விதிவிலக்கு). பின்னால் பெரிய பிரஸ் வாங்கினாலும் அவை வீணாகாது.

நம்மூர்க்காரர்கள் ஆசைப்பட்டு ஆர்டர் போட்டுவிடாதீர்கள். 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.