வேலைக்குப் போகாத பெண்

(கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீடு. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்த கல்யாணத் தரகர் மூச்சு வாங்குகிறார். கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற மாரியம்மா வாசலில் வெயில் காய்கிறார்.)

தரகர்: அம்மா, கீழே ஒரு நல்ல இடம். சொந்த வீடு, நாலு தென்னை, ஒரே பையன். நிபந்தனை ஒன்றுதான். பெண் வேலைக்குப் போகக் கூடாது.

மாரியம்மா: இனிமேல் போகக் கூடாதா, இதுவரைக்கும் போயிருக்கவே கூடாதா?

தரகர்: இரண்டும்தான். கை மெத்துமெத்தென்று இருக்கணுமாம்.

மாரியம்மா: இந்த மலையிலா? தொட்டிலில் தேடிப் பாருங்கள்.

தரகர்: அந்த எதிர்வீட்டுப் பெண் எப்படி? விரல் நுனியெல்லாம் கருகருவென்று மருதாணி பிடித்திருக்கிறதே!

மாரியம்மா: மருதாணியா! அது கொழுந்துக் கறை தரகரே. ரெண்டு இலை, ஒரு மொட்டு என்று நாள் முழுக்கக் கிள்ளினால் அப்படித்தான் ஏறும். புளி போட்டுத் தேய்த்தால் பாதி போகும். மீதி பாருங்கள், எனக்கு இன்னும் போகவில்லை.

தரகர்: இலை பறிக்கிறது ஜாலியான வேலைதானே? சினிமாவில் பாடிக்கொண்டே பறிக்கிறார்கள்.

மாரியம்மா: சினிமாவில் அட்டை கடிக்காது. இங்கே மழையில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கினால் காலில் அட்டை, எதிரே காட்டெருமை. பாட்டா வரும்? அப்புறம் எடை போடுகிற இடத்தில் ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழிப்பார்கள், சாக்குக்கு என்று கொஞ்சம் கழிப்பார்கள். மேட்டில் ஏறும்போது அந்த ஈரத்தையும் சாக்கையும் யார் சுமந்தது என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போனால்தான் ஒரு கிலோ தூள் வரும், தெரியுமா?

தரகர்: (டம்ளரைக் கீழே வைத்து) டீ குடிக்கவே சங்கடமாக இருக்கிறது.

மாரியம்மா: குடியுங்கள், அது டஸ்ட்டுதான். நல்ல தூள் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

தரகர்: சரி, எஸ்டேட் வேண்டாம். ஊட்டியில் ஹோம்மேட் சாக்லேட் என்று போர்டு பார்த்தேன். ஹோம் என்றால் வீட்டோடு இருக்கிற பெண்தானே?

மாரியம்மா: போர்டில்தான் வீடு. என் தங்கை மகள் காலையில் பஸ் பிடித்துப் போய் அச்சில் ஊற்றி, தாள் சுற்றி, இருட்டின பிறகுதான் வருகிறாள்.

தரகர்: கேத்திப் பக்கம்?

மாரியம்மா: கேரட் தோட்டம். லோடு நேரத்துக்கு மார்க்கெட் போகணும் என்று விடியுமுன்னே டார்ச்சோடு போய்விடுவார்கள். உங்கள் மாப்பிள்ளை எத்தனை மணிக்கு எழுவார்?

தரகர்: அதை விடுங்கள். தோடர் பழங்குடி ஊர்களில், அந்த மந்துகளில், பெண்கள் பால் கறக்கக்கூட மாட்டார்களாமே? வேலையே இல்லைதானே?

மாரியம்மா: எருமையும் பாலும் அவர்களுக்குக் கோயில் காரியம், அது ஆண்கள் பாடு. பெண்கள் சும்மா இருக்கிறார்கள் என்று யார் சொன்னது? வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் ஓட்டுவார்கள். கோடு போடுவது கிடையாது, மாதிரி வரைவது கிடையாது. துணியின் இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி இறங்கும். அதற்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நடுவில் போய் ஜாதகம் கேட்டு எண்ணிக்கையைக் கெடுத்தீர்களானால், அடுத்த குத்து உங்களுக்குத்தான்.

தரகர்: கோத்தர் பழங்குடியில்?

மாரியம்மா: அங்கே பானை வனைவதே பெண்கள்தான். அடுத்ததாக எங்கள் அம்மாவையும் கேட்டுவிடாதீர்கள். இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள், அம்மா தலைமன்னாரில் கப்பல் ஏறினார். இங்கே வந்து மூட்டையைப் பிரிக்குமுன்னே முதுகில் கூடை ஏறிவிட்டது.

தரகர்: ஒரு பெண்கூடவா தேறாது!

மாரியம்மா: அது கிடக்கட்டும். மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

தரகர்: பிசினஸ்... பண்ணப் போகிறார்.

மாரியம்மா: எப்போது?

தரகர்: கல்யாணத்துக்குப் பிறகு. பெண் வீட்டில் முதல் போட்டதும்.

மாரியம்மா: கை எப்படி இருக்கும்?

தரகர்: மெத்துமெத்தென்று... ஏன் கேட்கிறீர்கள்?

மாரியம்மா: நீங்கள் தேடுகிற பெண் அவர்தான் தரகரே. அவரையே மலைக்கு அனுப்பி வையுங்கள். இலை மூட்டையை லாரியில் ஏற்ற ஆள் இல்லாமல் மேஸ்திரி திண்டாடுகிறார். ஜாதகம் வேண்டாம், ஆதார் அட்டை போதும்.

தரகர்: அப்போ என் கமிஷன்?

மாரியம்மா: கிடைக்கும். ஈரத்துக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்.