அந்தப் பிள்ளை தாமதமா வரல

"கலந்தாய்வு தேதிக்கு வராதது அவ தப்பு, சீட்டு வீடு தேடியா வரும்?"னு காணிப் பழங்குடிப் பிள்ளை ஒருத்திக்குக் காலேஜ் சீட்டு தவறினதைப் பத்தி நேத்து நான் போட்ட பதிவுக்குக் கீழ எழுதின அண்ணாச்சிக்கும், அதுக்கு லைக் போட்டவங்களுக்கும் சேர்த்துத்தான் இது. அந்தப் பிள்ளை தாமதமா வரல.

காரையாறுக்கு மேல, காட்டுக்குள்ள இருக்குற காணிக்காரங்க குடியிருப்புலேருந்து வர்றவ. நடந்து இறங்கி, பஸ் பிடிச்சு, பாபநாசம் செக்போஸ்ட் தாண்டி அம்பாசமுத்திரத்துக்கு வரணும். அவ ஊர்ல டவர் எடுக்காது. தேதி சொன்ன மெசேஜ், மூணு நாள் கழிச்சு அவ கீழ இறங்கின பிறகுதான் போன்ல விழுந்தது. என் பிரவுசிங் சென்டர்ல நின்னு காட்டினா. தேதி முடிஞ்சிருந்தது. அழல. மார்க் ஷீட்டையும் சாதிச் சான்றிதழையும் மழைக்கு நனையாம உரச்சாக்குல சுத்திக் கொண்டு வந்திருந்தா, அதை மறுபடி சுத்த ஆரம்பிச்சா.

"ஒதுக்கீடு இருக்குல்ல?" இருக்கு. தமிழ்நாட்டுல மொத்த ஒதுக்கீடு 69 சதவீதம், அதுல பழங்குடிகளுக்கு 1 சதவீத இடம், பட்டியல்ல இருக்குற எல்லாப் பழங்குடிகளுக்கும் சேர்த்து. 2011 கணக்குப்படி இங்க பழங்குடிகள் 1.1 சதவீதம், அதனால கணக்கு சரிதானேம்பீங்க. நான் கேக்குறது சீட்டை இல்ல. அதுவரைக்கும் வந்து சேர்ற வழியை.

"சான்றிதழ் முன்னாடியே வாங்கணும்"னு இன்னொருத்தர். நமக்குத் தாலுகா ஆபீஸோட முடிஞ்சிரும். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, வருவாய்க் கோட்டாட்சியரோ (ஆர்.டி.ஓ) சப் கலெக்டரோதான் தரணும். போலியைத் தடுக்க அது வேணும், ஒத்துக்குறேன். ஆனா ஒவ்வொரு தடவை இறங்குறதுக்கும் அவ அப்பாவுக்கு ஒருநாள் கூலி போகுது. ஹாஸ்டல், உதவித்தொகை எல்லாம் காலேஜ்ல சேர்ந்த பிறகுதானே கிடைக்கும்?

எங்க வீட்டுல நான்தான் முதல் பட்டதாரி. அப்பா மில் தொழிலாளி. அட்மிஷன் அன்னிக்கு டி.சி.யை வீட்டுலயே மறந்துட்டேன். சைக்கிளை மிதிச்சு அரை மணி நேரத்துல எடுத்துட்டு வந்துட்டேன். யாரும் என்னைப் பொறுப்பில்லாதவன்னு சொல்லல. அவ ஒண்ணையும் மறக்கல, அவளைச் சொல்றீங்க.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையன் கோயிலுக்குக் குடில் கட்டப் போறோமே, அப்ப நமக்காக அந்தக் காட்டுக்குள்ள எத்தனை பஸ் ஓடுது! புலிகள் காப்பகம் வந்தது 1988ல. அந்தச் சனம் அதுக்கு முன்னாலேருந்து அங்கதான் இருக்கு. அவங்க பிள்ளை படிக்க இறங்குறப்ப மட்டும் காடு தூரமாயிருது, நேரம் தவறிருது. மனசு ஆற மாட்டேங்குது.

அடுத்த கட்டக் கலந்தாய்வுக்கு அவ நம்பரோட என் கடை நம்பரையும் கொடுக்கச் சொல்லியிருக்கேன். மெசேஜ் வந்தா காரையாறு பஸ் கண்டக்டர் கையில எழுதிக் கொடுத்துவிடுறேன்.