பத்து விரல் இருக்க ஒரு விரலால் ஏன்?

ஐ.சி.ரி பாடத்தில் ஏ சித்தி எடுத்த பிள்ளை. வேலை விண்ணப்பம் அடிக்கவென்று கணினிக்கு முன்னால் இருத்தினால், வலது கைச் சுட்டுவிரல் மட்டும் பருந்துபோல் கீபோட்டுக்கு மேலே வட்டமிடுகிறது. ஒரு எழுத்தைக் கண்டதும் இறங்கிக் கொத்துகிறது, திரும்ப மேலே எழும்புகிறது. பிள்ளையில் பிழை சொல்லமாட்டேன். இரும எண் தெரியும், விரிதாளில் சூத்திரம் போடத் தெரியும், வன்பொருள் எது மென்பொருள் எது என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லும். விரலை எங்கே வைப்பதென்று மட்டும் ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை.

கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தனில் ஒரு சின்னக் கொமினிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ரைப்பிங், லமினேற்றிங். பக்கத்துக்கு இவ்வளவென்று காசு வாங்கி அடித்துக் கொடுக்கிறவன் நான். பிள்ளைகள் தாங்களே பத்து விரலாலும் அடிக்கப் பழகவேண்டுமென்று சொல்லப்போகிறேன், ஆகவே என் வயிற்றில் நானே அடித்துக்கொள்கிற பதிவு இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வன்னியில் எதைக் கேட்பதென்றாலும் ஒரு தாளில்தான் தொடங்கவேண்டும். காணிப் பிணக்கு, வீட்டுத்திட்டம், இடப்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழ், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை. கையால் எழுதிக் கொண்டுபோனால் "அடிச்சுக்கொண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்புகிற மேசைகள் இன்னும் இருக்கின்றன. அப்படித் திரும்பி வருகிற அம்மா என் கதிரைக்குப் பக்கத்தில் நின்று, கொப்பி எடுக்க வந்த நாலு பேருக்குக் கேட்கும்படி தன் வீட்டுக் கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது. பாதியில் குரலைத் தாழ்த்துகிறா. எனக்குக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கவும் மனமில்லை. பக்கத்தில் மகள் நிற்கிறாள், கையில் போன். ஒரு நாளில் நான் அடிப்பதைவிடக் கூட அவள் வாட்ஸ்அப்பில் அடிப்பாள். ஆனால் அந்தக் கடிதத்தை அவள் அடிப்பதாக இல்லை.

நாங்கள் பழகிய விதம் வேறு. 97இல் மல்லாவியில் இடம்பெயர்ந்திருந்தபோது ஒரு கிடுகுக் கொட்டிலுக்குள் ரைப்பிங் வகுப்பு நடந்தது. போர்க்காலம், பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய் யானை விலை. ரைப்றைற்றருக்கு இரண்டும் தேவையில்லை, பகல் வெளிச்சம் போதும். இடது கைக்கு ய ள ன க, வலது கைக்கு த ம ட. ரீச்சர் விசைகளின் மேல் துணியைப் போட்டு மூடிவிடுவா. குனிந்து பார்த்தால் அடிமட்டம் மேசையில் விழும். சின்னவிரல் 'ய'வை அழுத்தப் பலமில்லாமல் நோகும், எழுத்து மங்கலாக விழும். ரிபன் தேய்ந்தால் மறுபக்கம் திருப்பிப் போடுவோம். கார்பன் வைத்து அடிக்கும்போது ஒரு பிழை விட்டால் அது கீழே உள்ள எல்லாப் பிரதிகளுக்கும் இறங்கும். பிரதி எடுக்கிற றோணியோ இயந்திரத்துக்கு ஸ்டென்சில் வெட்டுவது அதைவிடக் கண்டம். சோதனைத்தாள் அடிக்கிற அக்காமார் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிப்பார்கள். பிழையை அழிக்கும் விசை இல்லாத காலத்து விரல் அப்படித்தான் பயப்படும், அந்தப் பயத்தில்தான் பழகும்.

அந்த இயந்திரத்தைத் தமிழுக்குத் திருப்பியவர் நம்மூர்ப் பக்கத்து ஆள் என்பது இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியுமோ தெரியாது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா. மலாயா, சிங்கப்பூர் என்று பிழைக்கப் போன இடத்தில் இதை யோசித்தார். தமிழில் எழுத்து 247. விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு. எழுத்தைக் கொம்பாகவும் (ெ) காலாகவும் (ா) விசிறியாகவும் (ி) பிரித்துப் போட்டார். புள்ளிக்கும் விசிறிக்கும் நகராத விசை வைத்தார். அதைத் தட்டினால் தாள் நகராது, அடுத்துத் தட்டுகிற எழுத்து அதே இடத்தில் வந்து சேரும். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் சைடல் நௌமன் கம்பனியில் அந்த இயந்திரங்களைச் செய்வித்தார்.

2002இல் ஏ9 வீதி திறந்தபிறகு கணினிகள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தன, ஜெனரேற்றர் ஓடும் நேரத்தில் மட்டும். எங்களுக்குப் பெரிய சிரமமிருக்கவில்லை. பாமினி எழுத்துரு இருந்தது, அதே ய ள ன க அதே இடத்தில் இருந்தது. ஒன்றுதான் தலைகீழ். ரைப்றைற்றரில் புள்ளி முதலில், எழுத்து பிறகு. பாமினியில் எழுத்து முதலில், புள்ளி பிறகு. விரல் அதை மறக்கக் கொஞ்சநாள் எடுத்தது.

இப்போது நான் பாமினியோடு சண்டை பிடிக்கப்போகிறேன். என்னைப்போல பழையவர்கள் கோபிக்கவேண்டாம், நானும் இன்றைக்குவரை அதில்தான் வேகமாக அடிக்கிறேன். பாமினி ஆங்கில எழுத்துகளுக்குப் போட்ட தமிழ்ச் சட்டை. நாங்கள் 'தமிழ்' என்று அடிப்பது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே தமிழ் இல்லை. மற்றப்பக்கம் எழுத்துரு இல்லாவிட்டால் சட்டை கழன்றுவிடும். பெயர்ப்பட்டியலை அகரவரிசையில் அடுக்கச் சொன்னால் ஆங்கில வரிசையில் அடுக்கும். தமிழைத் தமிழாகவே கணினிக்குள் வைக்கிற முறை யுனிகோட். யுனிகோட்டில் ஒரு பெயரை அடித்துத் தேடினால் பாமினியில் அடித்த கோப்புக்குள் அது கிடைக்காது. இவ்வளவு பேருடைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கிற ஒரு மண்ணில், தேட முடியாத எழுத்தில் பட்டியல் அடித்து வைப்பதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. யுனிகோட்டில் தமிழ் 1991இலேயே வந்துவிட்டது.

சரி, யுனிகோட்டில் அடிப்பதென்றால் எந்த விசை அமைப்பில்? ரெங்கநாதன் அமைப்பு நாட்டின் நியமம், 2008இல் எஸ்.எல்.எஸ் 1326 என்று வந்தது. அரச வேலைக்குப் போகிறவர் அதைப் பழகட்டும். புதிதாகத் தொடங்குகிற பிள்ளைக்கு நான் சொல்வது தமிழ்99. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். ஒரே மெய்யை இரண்டுதரம் அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா', 'பக்கம்' எல்லாம் விரலுக்குச் சுகம். அது 1999இல் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது, எங்களுக்கு ஏன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சுண்டிக்குளிக்காரர் சிங்கப்பூரில் யோசித்து ஜெர்மனியில் செய்வித்ததை எந்த ஊர்ச் சரக்கென்று பார்த்தா வாங்கினோம்?

ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்குகிற முறையை நான் பழிக்கவில்லை. அவசரத்துக்கு நல்லது. ஆனால் 'ல', 'ள', 'ழ' மூன்றுக்கும் போன் காட்டுகிற வரிசையில் பார்த்துத்தான் தெரிவுசெய்யவேண்டும், கண் திரையை விட்டு எழும்பாது. பேசினால் போன் தானே எழுதுமே என்பதும் ஒரு கேள்வி. கேப்பாப்பிலவு என்று எங்கள் வன்னி ஊர்ப் பெயரொன்றைச் சொல்லிப் பாருங்கள், என்ன எழுதுகிறதென்று. எழுதினாலும், அந்த அம்மா நாலு பேருக்கு முன்னால் சத்தமாகச் சொல்லவேண்டிய பிரச்சினை அப்படியேதான் கிடக்கிறது.

தரம் 6இல் கிழமைக்கு ஒரு பாடவேளை போதும். இணையம் வேண்டாம், புதுக் கணினி வேண்டாம், கீபோட்டை மூட ஒரு துணி போதும். அதிபர்மார் யாராவது இதை வாசித்தால் யோசியுங்கள்.

அதுவரைக்கும், விடுமுறை நாட்களில் காலை வேளையில் என் கடைக் கணினிகள் சும்மாதான் இருக்கும். பரந்தன், உமையாள்புரம், கண்டாவளைப் பக்கத்துப் பிள்ளைகள் வரலாம். காசில்லை. நகத்தை மட்டும் வெட்டிப்போட்டு வரச்சொல்லுங்கோ.