கரடி காட்டலையாம்!

பனிக்கரடி பார்க்கப் போய் ஏமாந்துவிட்டதாக யாரோ ஒரு தம்பி போட்டிருக்கிற அந்த வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன், நடுவில் வந்த விளம்பரம் உள்பட. "அக்கா, நீங்க போய்ட்டு வந்த இடம்தானே, நிஜமாவே இப்படித்தானா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட விரல் வலிக்கிறது, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பியின் புகார் இதுதான். லட்சக்கணக்கில் கட்டி, வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நார்வேயின் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் சின்னக் கப்பலில் போனார். பனிக்கரடி தெரிந்தது. கப்பல் கிட்டே போகவில்லை. "ஒரு புள்ளியக் காட்டி இதான் கரடிங்குறாங்க மக்களே, நல்லா ஏமாத்திட்டாங்க."

யாரும் ஏமாற்றவில்லை தம்பி. அது நார்வேயின் சட்டம். 2025 ஜனவரி 1 முதல் அங்கே கரடியிலிருந்து 300 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். தெரியாமல் அதைவிடக் கிட்டே போய்விட்டால் பின்வாங்க வேண்டியது நாம்தான், கரடி அல்ல. மீறினால் அபராதம். 300 மீட்டரில் கரடி எவ்வளவு பெரிதாகத் தெரியும்? ஓர் அரிசியைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், அவ்வளவுதான். நானும் அந்த அரிசியைத்தான் பார்த்தேன். பைனாகுலரில் பார்த்தபோது அது நின்று, மூக்கைத் தூக்கி, காற்றை மோந்தது. எனக்கு அது போதும்.

கரடி நமக்குக் காட்சி தருவதற்காக அங்கே இல்லை. இந்த ஒரு விஷயம் ஏன் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது?

வசந்தத்தில் கடல் உறைந்து கிடக்கும்போது சீல் பிடித்துத் தின்று கொழுப்புச் சேர்த்துக்கொள்ளும். கோடையில் பனி உருகிவிட்டால் சீல் பிடிப்பது குதிரைக்கொம்பு. பெரும்பாலும் சேர்த்து வைத்த கொழுப்பில்தான் ஓட்ட வேண்டும். அந்த நேரத்தில் நம் கேமராவுக்குப் பயந்து ஓடினால் அதற்குச் செலவாவது அந்தக் கொழுப்பு. குட்டி கூட இருந்தால் இன்னும் மோசம்.

எங்கள் கப்பலிலும் ஒருவர் இருந்தார். நம்மூர்க்காரர் இல்லை, அந்த ஆறுதலாவது மிச்சம். குழாய் மாதிரி லென்ஸ், முக்காலி, எல்லாம் உண்டு. ஒரு ராத்திரி (ராத்திரி என்று பேர், கோடையில் அங்கே சூரியன் மறையாது, வெயில் அடித்துக்கொண்டிருந்தது) தாயும் குட்டியும் தெரிவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பைஜாமாவுக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடினோம். சட்டத்தில் சொன்னதைவிட அதிக தூரத்தில்தான் கப்பல் நின்றது. கொஞ்ச நேரத்தில் தாய் தலையைத் தூக்கி எங்கள் பக்கமே பார்க்க ஆரம்பித்தது. வழிகாட்டிப் பெண் வயர்லெஸ்ஸில் ஏதோ சொன்னாள், கப்பல் மெதுவாகத் திரும்பிவிட்டது. லென்ஸ்காரர் குதித்தார் பாருங்கள்! காசைத் திருப்பித் தர வேண்டுமாம். பேரப்பிள்ளை வயதுப் பெண் அவள். குரலை உயர்த்தாமல், "அது நம்மைக் கவனிக்க ஆரம்பிச்சிருச்சு, அதனால கிளம்புறோம்" என்றாள். தம்பி வீடியோவைப் பார்த்தபோது எனக்கு அவள் முகம்தான் ஞாபகம் வந்தது. அங்கேயும் ஒரு வழிகாட்டி இப்படித்தான் திட்டு வாங்கியிருப்பார்.

டிரோன் பறக்க விடவில்லை என்றும் ஒரு ஒப்பாரி வைக்கிறார். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் டிரோனுக்குத் தடை. அங்கே போகிற கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் கூடாது, குறித்துக் கொடுத்த இடங்களில்தான் இறங்கலாம். "விசாவே வேணாம் மக்களே" என்கிறாரே, அது அரைகுறை. ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம்தான். ஆனால் நார்வே வழியாகப் போய் நார்வே வழியாகத்தான் திரும்பணும், ஸ்வால்பார்டு ஷெங்கனில் சேராது, அதனால் நமக்கு இரண்டு முறை நுழைகிற மாதிரி ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) வேண்டும். இவரை நம்பிப் போனால் திரும்பும்போதுதான் தெரியும்.

"கொஞ்சம் கிட்டப் போனா என்ன ஆயிரும்?" என்று கீழே கமெண்ட். 2018 ஜூலையில் ஸ்வால்பார்டின் வடகோடித் தீவுக்கூட்டம் ஒன்றில், பயணிகளை இறக்குவதற்கு முன் இடத்தைச் சோதிக்கப் போன கப்பல் காவலர் ஒருவரைக் கரடி தாக்கியது. அவர் தலையில் காயத்தோடு பிழைத்தார். கரடியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதன் இடத்தில், அதன் கரையில். 1973 வரை அங்கே கரடியை வேட்டையாடத்தான் ஆட்கள் போனார்கள். இப்போது துப்பாக்கிக்குப் பதில் போன், கிட்டே போயே தீர வேண்டும் என்கிற வெறி மட்டும் மாறவில்லை.

அடுத்து வருவது தெரியும். "இவ்வளவு பேசுற நீங்க எதுக்குப் போனீங்க? பிளேன் புகை, கப்பல் புகை?" சரியான கேள்விதான். 2022 முதல் அந்தக் கடலில் கன எரிபொருள் எண்ணெய்க்கு (கப்பல்களில் எரிக்கிற, அழுக்குப் புகை கக்கும் கெட்டி எண்ணெய்) தடை என்று சொல்லலாம், ஆனால் அது முழுப் பதில் ஆகாது என்று எனக்கே தெரியும். போனேன், புகை விட்டேன். அதுக்காக, போன இடத்தில் கரடியைத் துரத்தவும் உரிமை உண்டு என்று ஆகிவிடுமா? வருஷா வருஷம் துபாய் ஷாப்பிங் போகிறவர்கள் எல்லாம் என்னிடம் கார்பன் கணக்குக் கேட்கிறார்கள், அதை எங்கே போய்ச் சொல்ல!

"பணக்காரத் திமிர்" என்று ஒருவர். ஐயா, நான் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து அடுத்தவர் பணத்தை எண்ணியே ரிட்டயர் ஆனவள். என் சேமிப்பு, என் பி.எஃப். யாரிடமும் கடன் கேட்கவில்லை. போகும்போதே பெரியம்மா, "அந்தக் காசுக்கு நகை எடுத்திருந்தா பேத்திக்காவது ஆகும்" என்றார். பெரியவர், போகட்டும். கொழுந்தனார் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில், பாயசம் பரிமாறிக்கொண்டிருக்கும்போது, எல்லார் முன்னாலும், "அண்ணி ஐஸைப் பாக்கப் போனாங்க, நம்ம வீட்டு ஃப்ரீசரத் திறந்தா போதாதா?" வரிசையே சிரித்தது. அவர் மகனுக்குக் கார் வாங்கியபோது நான் ஃப்ரீசரைப் பற்றியா பேசினேன்?

போன வாரம் அதே கொழுந்தனார்தான் ஃபேமிலி குரூப்பில் தம்பியின் வீடியோவைப் போட்டு, "அப்பவே சொன்னேன்" என்று எழுதியிருந்தார். நான் பதில் போடவில்லை. பதில் இதுதான் கொழுந்தனாரே. படிப்பீர்கள், லைக் போட மாட்டீர்கள், தெரியும். ஒன்று மட்டும் கேட்கிறேன்: அந்த வீடியோவில் கரடியைப் பார்த்தீர்களா, இல்லை தம்பியை மட்டும்தான் பார்த்தீர்களா?