கோடாக் ஒன்றும் தூங்கவில்லை

போன வாரம் அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. பேச வந்தவர் மூன்றாவது ஸ்லைடிலேயே கோடாக்கை, அதுதான் அந்த அமெரிக்க பிலிம் கம்பெனியை, இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். டிஜிட்டல் கேமராவைக் கண்டுபிடித்ததே அவர்கள்தானாம், அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தூங்கினார்களாம், அதனால் அழிந்தார்களாம், ஆகவே நாமெல்லாம் மாற வேண்டுமாம். வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் திதி மாதிரி வரும் கதைதான். கையைத் தூக்கலாமா என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் விட்டுவிட்டேன், அந்த ஆற்றாமையை இங்கே கொட்டுகிறேன்.

பன்னிரண்டாவது முடித்த பிறகு இரண்டு வருஷம் எங்கள் ஊர் ஸ்டுடியோவில் எடுபிடியாக இருந்தவன் நான். கேமரா, முதலாளி அண்ணாச்சி எப்போதோ ஒருமுறை வாங்கியது. பிலிம் ரோல்தான் தினப்படி செலவு. 36 படம் என்று போட்டிருக்கும் ரோலை டார்க் ரூமில் வைத்து இருட்டிலேயே லோடு செய்தால் முனையில் வீணாவது குறையும், 38 வரை இழுக்கலாம், அந்த இரண்டு படத்துக்காக அண்ணாச்சி என் முதுகில் எத்தனை முறை தட்டியிருப்பார் என்று கணக்கே இல்லை. முகூர்த்தம் முடிந்ததும் ரோல்களைத் துணிப்பையில் கட்டி மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். கலர் லேபில் கழுவி, பிரிண்ட் போட்டு, மறுநாள் அதே பஸ்ஸில் வரும். பிரிண்டைத் திருப்பினால் பேப்பரின் முதுகில் சாய்வாக, வெளிறிய எழுத்தில், வரிசை வரிசையாகக் கோடாக், கோடாக் என்று இருக்கும். ஒரே கல்யாணத்தில் பிலிமுக்கு ஒரு காசு, கழுவுகிற கெமிக்கலுக்கு ஒரு காசு, பேப்பருக்கு ஒரு காசு. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இரண்டு பக்கமும் மொய் வாங்குகிற மாதிரி ஒரு தொழில்.

இது 1888லேயே கோடாக்கைத் தொடங்கிய ஜார்ஜ் ஈஸ்ட்மன் போட்ட கணக்கு. 25 டாலருக்கு கேமரா, உள்ளேயே 100 படத்துக்கு பிலிம். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே கோடாக்கின் ஊரான ராச்செஸ்டருக்கு அனுப்பி 10 டாலர் கொடுத்தால், படங்களைக் கழுவிப் போட்டு, புது பிலிம் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். 1900இல் பிரவுனி கேமராவை ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். கேமரா வெறும் தூண்டில்தான். 1970களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற பிலிமில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அவர்களுடையது.

சரி, அந்தப் 'பூட்டி வைத்த' கேமராவுக்கு வருவோம். 1975. ஸ்டீவன் சாசன் என்கிற கோடாக்கின் இளம் இன்ஜினியர், ஒரு சூப்பர் 8 மூவி கேமராவின் லென்ஸ், வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும், 100க்கு 100 புள்ளி கொண்ட ஒரு சிசிடி சிப், 16 பேட்டரி, ஒரு கேசட் ரெக்கார்டர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெட்டி செய்தார். மூன்றரை கிலோவுக்கு மேல் எடை. ஒரு படம் கேசட்டில் பதிவாக 23 விநாடி. லேபில் வேலை செய்த ஒரு பெண்ணை நிற்க வைத்து எடுத்துப் பார்த்தால், டிவியில் கருமையான தலைமுடியும் பின்னால் வெள்ளைச் சுவரும் தெரிகிறது, முகம் மட்டும் வெறும் குப்பை. வயரை மாற்றிக் கொடுத்த பிறகுதான் முகம் வந்தது. இதைக் காட்டியபோது மேலே இருந்தவர்கள், தன் படத்தை டிவியில் பார்க்க எவன் ஆசைப்படுவான் என்று கேட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் எப்போது பிலிமுக்குப் போட்டியாகும் என்றும் கேட்டார்கள். பதினைந்து இருபது வருஷம் ஆகும் என்றார் சாசன். கிட்டத்தட்ட அப்படியேதான் ஆனது. 1981இல் சோனி, பிலிம் இல்லாத மாவிகா கேமராவைக் காட்டியதும் கோடாக்கே உட்கார்ந்து ஓர் ஆய்வு செய்து, நமக்குப் பத்து வருஷம் அவகாசம் இருக்கிறது என்று எழுதி வைத்தது. இதுவா தூக்கம்?

1991இல் நிக்கான் எஃப்3 உடம்பில் டிஜிட்டல் மூளையைப் பொருத்தி விற்றவர்கள் கோடாக். 1994இல் வந்த ஆப்பிள் குயிக்டேக் கேமராவைச் செய்து கொடுத்தது கோடாக். 2005இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடமே அவர்களுக்குத்தான். இதை எந்தப் பயிற்சியாளரும் சொல்லமாட்டார், சொன்னால் ஸ்லைடு கெட்டுவிடும்.

கையில் டிஜிட்டல் இருந்தும் ஏன் விழுந்தார்கள்? டிஜிட்டலில் காசு இல்லை, அவ்வளவுதான். 2001 வாக்கில் விற்ற ஒவ்வொரு கேமராவுக்கும் கையிலிருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். ரோல் இல்லை, கெமிக்கல் இல்லை, பேப்பர் இல்லை. வாங்கினவன் அப்புறம் திரும்பியே வரமாட்டான். அண்ணாச்சி தினமும் வாங்கிய ரோலுக்கு ஈடாக எதை விற்பது? அதோடு, கோடாக் என்பது அடிப்படையில் ஒரு கெமிக்கல் கம்பெனி. வெள்ளி உப்பையும் ஜெலட்டினையும் கும்மிருட்டில் கிலோமீட்டர் கணக்கான பிலிமில் மெல்லிய அடுக்கடுக்காகப் பூசும் கலையில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஜெலட்டின் எடுக்கும் மாடு என்ன தின்றது என்பது வரை ஆராய்ந்தவர்கள். கடுகுச் செடி தின்ற மாடு என்றால் ஜெலட்டினில் கந்தகக் கூறு இருக்கும், பிலிம் வெளிச்சத்தை நன்றாகப் பிடிக்கும். இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு சிப் செய்யும் ஜப்பான்காரனோடு மல்லுக்கட்டினால் என்ன ஆகும்?

என் கோபம் வேறு இடத்தில். 1988இல் 510 கோடி டாலர் கொட்டி ஸ்டெர்லிங் டிரக் என்ற மருந்து கம்பெனியை வாங்கினார்கள், ஆறே வருஷத்தில் துண்டு துண்டாக விற்றார்கள். போலராய்டு கம்பெனியின் உடனடிப் படக் காப்புரிமையை மீறியதற்காக 1991இல் 92.5 கோடி டாலர் தண்டம். 1994இல் ரசாயனப் பிரிவைத் தனியாகப் பிரித்து அனுப்பினார்கள். ஈஸ்ட்மன் கெமிக்கல் என்ற அந்தக் கம்பெனி இன்றும் ஜாம் ஜாம் என்று நடக்கிறது. 2007இல் எக்ஸ்ரே, மருத்துவப் படப் பிரிவு விற்பனை. இதையெல்லாம்விட எனக்கு வயிறு எரிவது ஓஎல்இடி விஷயத்தில்தான். நீங்கள் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்கும் போனின் திரை அநேகமாக அதுதான். அதை 1987இல் உலகத்துக்குக் காட்டியது கோடாக் ஆராய்ச்சிக்கூடத்தின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும். 2009இல் எல்ஜிக்கு விற்றுவிட்டார்கள். விற்றுவிட்டு எதைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்? இங்க்ஜெட் பிரிண்டரை.

கோடாக்கின் ஜப்பான் போட்டியாளரான ஃபூஜி பிலிம் கம்பெனியை எல்லோரும் புகழ்கிறார்கள், நானும் புகழ்கிறேன். பிலிம் விற்பனை வருஷத்துக்கு 20, 30 சதவீதம் சரிந்தபோது அவர்கள் எல்சிடி திரைக்கான படலம், முகத்துக்குப் பூசும் கிரீம் என்று தங்கள் ரசாயன மூளையை வேறு பக்கம் திருப்பினார்கள். கோடாக்கும் செய்திருக்கலாம், ஆனால் அந்த மூளையில் பாதியை ஏற்கெனவே விற்றாயிற்றே.

2012 ஜனவரி 19 அன்று திவால் மனு. காப்புரிமைகள் 200 கோடி டாலருக்கு மேல் போகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள், கடைசியில் கிடைத்தது 52 கோடி சொச்சம். அடிமாட்டு விலை. 1982இல் ராச்செஸ்டரில் மட்டும் 60,000 பேருக்கு மேல் வேலை செய்த கம்பெனி அது. வருஷா வருஷம் போனஸ் நாள் வந்தால் ஊரே கார் கடைக்கும் மரச்சாமான் கடைக்கும் கிளம்பும். அப்படி முப்பது வருஷம் இருட்டறையில் நின்று ஓய்வு பெற்றவர்களுக்கு, திவாலோடு மருத்துவக் காப்பீடும் போயிற்று. பழைய பங்கு வைத்திருந்தவர்களுக்குக் கையில் எதுவும் மிஞ்சவில்லை. ஸ்லைடில் இவர்களுக்கும் இடம் கிடையாது.

கம்பெனி இன்னும் சாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2013இல் திவாலிலிருந்து வெளியே வந்து, சினிமாக்காரர்களுக்கும், பிலிம் மோகம் பிடித்த இளவட்டங்களுக்கும் ராச்செஸ்டரில் இன்னமும் பிலிம் பூசிக்கொண்டிருக்கிறார்கள். என் அக்கா மகன் ஒரு ரோல் வாங்கித் தரச் சொல்லி ஆயிரம் ரூபாய்க்கு மேல் பழுத்தது. டார்க் ரூமில் லோடு செய்யச் சொல்லிக் கொடுத்தேன், 38 வந்தது.

நம்ம ஊட்டி ஹெச்பிஎஃப் (ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்) கதை இதிலிருந்து வேறு. 1967இல் உற்பத்தி தொடங்கி 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் விற்ற அந்த அரசு ஆலை, டிஜிட்டல் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, தொண்ணூறுகளிலேயே நலிந்துபோயிற்று. அங்கே வேலை பார்த்தவர்களோ அவர்கள் பிள்ளைகளோ என் நட்பு வட்டத்தில் இருந்தால் கமெண்டில் எழுதுங்கள், அந்தப் பூச்சு அறைக்குள் எப்படி இருக்கும் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள ஆசை.