பிசிஷியன் அசிஸ்டென்ட் (பிஏ) படிப்புக்குப் போகும் முன் ஒரு வருடமாவது நோயாளி பக்கத்தில் நில்லுங்கள்

நான் அமெரிக்காவில் பிஏ, அதாவது டாக்டரோடு சேர்ந்து நோயாளிகளைப் பரிசோதித்துச் சிகிச்சை தரும் பிசிஷியன் அசிஸ்டென்ட். இந்தப் படிப்புக்கான விண்ணப்பக் காலம் ஆரம்பித்துவிட்டால் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே கேள்விதான். "அக்கா, பொண்ணு காலேஜ் முடிக்கப் போறா. மார்க்கெல்லாம் நல்லா இருக்கு. பிசிஷியன் அசிஸ்டென்ட் படிக்கணும்ங்கறா. ஆனா ஏதோ ஆயிரம் மணி நேரம், ரெண்டாயிரம் மணி நேரம் வேலை பார்த்திருக்கணுமாமே? அதைச் சீக்கிரமா முடிக்க ஏதாவது வழி இருக்கா?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நீளமான பதிவுதான். அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது இந்தப் படிப்பை யோசித்துக்கொண்டிருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

சீக்கிரம் முடிக்க வழி தேடாதீர்கள். என் பதில் அவ்வளவுதான். காரணத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் காலக் கணக்கைப் பாருங்கள். இங்கே ஒருவர் டாக்டராக வேண்டுமானால் மெடிக்கல் ஸ்கூல் 4 வருடம், அதன் பிறகு ரெசிடென்சி என்கிற ஆஸ்பத்திரிப் பயிற்சி குறைந்தது 3 வருடம். தூக்கம் கெட்டு, மேலே ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க, நோயாளிகளோடு புழங்கி அவர்கள் தேறுவது அந்த ரெசிடென்சியில்தான். பிஏ படிப்போ பெரும்பாலான இடங்களில் சுமார் 27 மாதம். முதல் ஒரு வருடம் வகுப்பறை, அடுத்த ஒரு வருடம் துறை துறையாக ஆஸ்பத்திரி ரொட்டேஷன். பிறகு பான்ஸ் என்கிற தேசியத் தேர்வு, மாநில லைசன்ஸ், உடனே வேலை. ரெசிடென்சி கட்டாயம் கிடையாது. அப்படியென்றால் நோயாளியோடு புழங்கிய காலம் எங்கிருந்து வரும்? படிப்புக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். இந்தத் தொழிலை உண்டாக்கியவர்கள் அப்படித்தான் அமைத்தார்கள்.

1965இல் வட கரோலைனாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் முதல் பிஏ வகுப்பைத் தொடங்கினார். சேர்ந்தவர்கள் நாலே பேர். நால்வருமே அமெரிக்கக் கடற்படையில் கோர்மேனாக, அதாவது காயம்பட்டவர்களையும் நோயாளிகளையும் கவனிக்கும் பணியாளராக இருந்துவிட்டு வந்தவர்கள். படையில் அத்தனை வேலை பார்த்தவருக்கு வெளியே வந்தால் அந்த அனுபவத்துக்கு எந்த லைசன்ஸும் இல்லை. இன்னொரு பக்கம் டாக்டர் இல்லாமல் கிராமங்கள் தவித்தன. ஸ்டெட் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். அதே மாநிலத்தில் கார்லண்ட் என்ற சின்ன ஊரில் டாக்டர் ஏமஸ் ஜான்சன் என்பவர், ஹென்றி ட்ரெட்வெல் என்ற கறுப்பின உதவியாளருக்குத் தானே வேலை கற்றுக்கொடுத்துத் தன் கிளினிக்கில் வைத்திருந்தார். மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாமல், நோயாளிகளைப் பார்த்துப் பார்த்தே கற்றவர் ட்ரெட்வெல். ஸ்டெட்டுக்கு இந்த யோசனை வந்ததில் அந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு என்று இத்துறையின் வரலாறு சொல்கிறது. 1967 அக்டோபர் 6 அன்று டியூக்கில் அந்த நால்வரில் மூன்று பேர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 6ஐ நாங்கள் பிஏ நாளாகக் கொண்டாடுவது அதனால்தான். அது ஸ்டெட்டின் பிறந்தநாளும்கூட. 1969இல் வாஷிங்டன் மாநிலத்தில் டாக்டர் ரிச்சர்ட் ஸ்மித் தொடங்கிய மெடெக்ஸ் என்ற பிஏ பயிற்சித் திட்டமும் ராணுவத்தில் மருத்துவப் பணி பார்த்த 15 பேரை வைத்துத்தான் ஆரம்பித்தது.

கை பழகியவருக்கு மேலே படிப்பைக் கொடுப்பதுதான் அன்றைய ஏற்பாடு. இன்று 300ஐ ஒட்டிய எண்ணிக்கையில் பிஏ பள்ளிகள் இருக்கின்றன. முன் அனுபவம் சில பள்ளிகள் 2,000 மணி நேரம் கேட்கின்றன, சில 1,000, சில 500, சில எதுவுமே கேட்பதில்லை. நல்ல மார்க் வைத்திருப்பவர் தேர்வில் தேறிவிடுவார், பிறகு என்ன என்பது கேட்காத பள்ளிகளின் வாதம். தேறிவிடுவார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தேர்வில் தேறுவது வேறு, வேலையில் சேர்ந்த முதல் வருடம் ராத்திரி ஷிப்டில் "இவருக்கு என்னவோ சரியில்லை" என்று கண்டுபிடிப்பது வேறு.

நான் முதலில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் சிஎன்ஏவாக, அதாவது நர்சிங் உதவியாளராக வேலை பார்த்தேன். பிறகு ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் டெக்னீஷியன். அதற்கப்புறம்தான் பிஏ படிப்பு. இப்போது உள்நோயாளிகளைப் பார்க்கும் குழுவில் இருக்கிறேன். இன்றைக்கும் வார்டுக்குள் நுழைந்ததும் என் கண் போகிற இடங்கள் பாதி சிஎன்ஏ வேலை பழக்கிவிட்டவை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். காலையில் வயதானவர்களுக்குச் சாக்ஸ் மாட்டிவிடுவது சிஎன்ஏ வேலை. இதயச் செயலிழப்பு உள்ள பெரியவர் ஒருவருக்குத் தினமும் மாட்டிவிடுவேன். முந்தின நாள் போட்ட சாக்ஸைக் கழற்றும்போது அதன் ரப்பர் விளிம்பு காலில் லேசாகப் பதிந்திருக்கும். ஒரு வாரத்தில் அந்தத் தடம் ஆழமாகிக்கொண்டே வந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. வழக்கமான ஷூ காலில் ஏறவில்லை. படுக்கையில் இரண்டு தலையணை வைத்துத் தூங்குகிறவர், ராத்திரி நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி தூங்க ஆரம்பித்திருந்தார். கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றார். எடை பார்த்தேன், ஏறியிருந்தது. இதய நோயாளிக்கு ஒரே நாளில் 2, 3 பவுண்டு அல்லது ஒரு வாரத்தில் 5 பவுண்டு ஏறினால் உடம்பில் நீர் தங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஷிப்ட் நர்ஸிடம் சொன்னேன், அவர் டாக்டரைக் கூப்பிட்டார், நீர் பிரியும் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள்.

பின்னால் வகுப்பில் படுத்தால் மூச்சுத் திணறல் ஏன் வருகிறது என்று ஸ்லைடு போட்டு நடத்தினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பெரியவரும் அவர் நாற்காலியும் போதுமாக இருந்தார்கள்.

மூச்சை எண்ணுவதும் அப்படித்தான். எந்த ஆஸ்பத்திரி சார்ட்டை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள், எல்லோருக்கும் நிமிடத்துக்கு 16 அல்லது 18 என்று எழுதியிருக்கும். வார்டு முழுக்க எல்லோரும் ஒரே வேகத்தில் மூச்சு விடுவார்களா? எண்ணாமல் எழுதுகிறார்கள். என்னைப் பழக்கிய மூத்த சிஎன்ஏ ஒருவர், முழு நிமிடம் எண்ணாமல் எண் எழுத விடமாட்டார். எண்ணப் போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லக்கூடாது, சொன்னால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மார்பைப் பார்த்து எண்ணு என்பார். 12 முதல் 20 வரை இருக்க வேண்டியது 28 என்று வந்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், ரத்த அழுத்தம் இன்னும் சரியாகவே இருந்தாலும், அந்த நோயாளியை விட்டு நகரக்கூடாது. இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் படித்தவருக்கு எண்ண வேண்டும் என்று தோன்றுவதற்கே நாளாகிறது.

இப்போது நம் வீட்டுப் பெற்றோர் பக்கம் வருகிறேன். எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான். சிஎன்ஏ வேலைக்கு அனுப்புங்கள் என்று சொன்னவுடன் போனில் ஒரு அமைதி. பிறகு மெதுவாக, "பெட்பேன் எடுக்கவாக்கா இவ்வளவு படிக்க வச்சோம்? ஏதாவது டாக்டர் கூட நின்னு பார்க்கிற மாதிரி இருந்தா சொல்லுங்களேன்."

அந்தப் பெட்பேனைப் பற்றியே சொல்கிறேன். வயிற்றிலோ குடலின் மேல்பகுதியிலோ ரத்தம் கசிந்தால் மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று ஒட்டும். அதற்கென்று ஒரு வாடை உண்டு; ஒரு தடவை சுத்தம் செய்தவருக்கு ஆயுசுக்கும் மறக்காது. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் வாடையும் இருக்காது. நோயாளியிடம் "மலம் கறுப்பாகப் போகிறதா?" என்று கேட்டால் பலர் கூச்சப்பட்டு இல்லை என்றே சொல்வார்கள். டாக்டர் வருவதற்குள் கழிவறை சுத்தமாகிவிட்டிருக்கும். பார்த்தது யார்? பெட்பேன் எடுத்தவர் மட்டும்தான். நடக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கும்போது, முதுகின் அடியில் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி, சிவப்பு வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது என்று முதலில் தெரிந்துகொள்பவரும் அவர்தான். பிள்ளைகளை அந்த வேலைக்கு அனுப்புவது அவமானம் என்று நினைக்காதீர்கள். அங்கே அவர்கள் கற்பதை எந்த ட்யூஷனும் கற்றுத்தராது.

வேறு வேலைகளும் இருக்கின்றன. ஆம்புலன்சில் போகும் இஎம்டி, பாராமெடிக், ரத்தம் எடுக்கும் ஃப்ளெபாட்டமிஸ்ட், கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டென்ட், ஆபரேஷன் தியேட்டர் டெக், சுவாச சிகிச்சையாளர். இவற்றில் பாராமெடிக்காகவோ சுவாச சிகிச்சையாளராகவோ இருந்துவிட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குத் தனி மரியாதை. அவசர நேரத்தில் அவர்கள் கை நடுங்குவதில்லை.

பலர் கேட்பது ஸ்க்ரைப் வேலை. டாக்டர் நோயாளியைப் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சார்ட் எழுதுவது. டாக்டர் எப்படி யோசிக்கிறார், எதை முதலில் கேட்கிறார், எதைக் கழிக்கிறார் என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் கை ஒன்றும் கற்றுக்கொள்ளாது. பொதுவிண்ணப்பமான காஸ்பாவில் இரண்டு கணக்கு உண்டு: நோயாளியின் பராமரிப்புக்கு நேரடிப் பொறுப்புள்ள அனுபவம் ஒன்று, மற்ற மருத்துவத் துறை அனுபவம் இன்னொன்று. ஸ்க்ரைப் வேலையைச் சில பள்ளிகள் முதல் கணக்கில் ஏற்கும், சில இரண்டாவதில்தான் சேர்க்கும். ஒரே மணி நேரத்தை இரண்டிலும் காட்ட முடியாது. டாக்டருக்குப் பின்னால் நின்று பார்ப்பது, அந்த ஷேடோயிங், தனிக் கணக்கு. என்னைக் கேட்டால் ஒரு வருடம் சிஎன்ஏ அல்லது இஎம்டி, அதோடு கொஞ்ச நாள் ஸ்க்ரைப். இரண்டும் சேர்ந்தால் அருமை. ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் முதலாவது.

எதிர்வாதம் ஒன்றை நான் மதிக்கிறேன். இந்த வேலைகளுக்குச் சம்பளம் குறைவு. கல்லூரிக் கடனோடு இருக்கும் ஒரு பிள்ளை, வீட்டைத் தாங்க வேண்டிய ஒரு பிள்ளை, ஒன்றரை வருடம் இப்படி வேலை பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றால் அது வசதியானவர்களுக்கே சாதகம் என்கிறார்கள். உண்மையான கஷ்டம்தான். ஆனால் சம்பளமில்லாத ஷேடோயிங்கும், தன் காசைப் போட்டு வெளிநாட்டுக்குப் போய் இரண்டு வாரம் செய்யும் தன்னார்வப் பணியும்தான் நிஜத்தில் வசதியுள்ளவருக்குச் சாதகம். சிஎன்ஏ வேலைக்குச் சம்பளம் குறைவானாலும் சம்பளம் வருகிறது. பள்ளிகள் மாற்ற வேண்டியது ஒன்று உண்டு: குடும்பத்துக்காகப் படிக்கும்போதே ராத்திரி ஷிப்ட் பார்த்த பிள்ளையின் மார்க்கை, அந்தச் சுமை இல்லாத பிள்ளையின் மார்க்கோடு ஒரே தட்டில் வைக்கக்கூடாது. அனுபவத்தையே எடுத்துவிடுவது தீர்வாகாது.

மணி நேரத்தை ஏற்றிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். சித்தப்பா கிளினிக்கில் போன் எடுத்ததை நோயாளிப் பராமரிப்பு என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நேர்முகத்தில் "நீங்கள் கவனித்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டு, அடுத்து "அன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று இன்னொரு கேள்வி போட்டாலே தெரிந்துவிடும். தெரியாமல் தப்பி உள்ளே போய்விட்டால் அதைவிட மோசம்.

இந்தியாவிலும் இலங்கையிலும் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு இங்கே ரெசிடென்சி கிடைக்காமல் இருப்பவர்களும் கேட்கிறார்கள். டாக்டர் பட்டத்தை வைத்து நேரடியாக பிஏ லைசன்ஸ் வாங்க வழி கிடையாது. இங்கே அங்கீகாரம் பெற்ற பிஏ படிப்பை முடித்தால்தான் பான்ஸ் எழுத முடியும். அங்கே பார்த்த அனுபவத்தை ஏற்பதா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும், எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் பிள்ளைகளுக்கு: சிஎன்ஏ பயிற்சிக்கு மத்திய அரசு விதிப்படி குறைந்தபட்சம் 75 மணி நேரம்தான், சில மாநிலங்கள் கூடுதலாகக் கேட்கும். கோடை விடுமுறையில் முடித்துவிடலாம். பிறகு வார இறுதி ஷிப்ட் எடுத்தால் பட்டம் வாங்கும்போது ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டியிருக்கும், தனியாக ஒரு வருடம் ஒதுக்க வேண்டிய தேவையே பலருக்கு இருக்காது. காஸ்பா ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் கடைசியில் திறக்கிறது. இந்த முறை அனுபவம் போதவில்லை என்றால் அடுத்த ஏப்ரலில் போடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

கிடைத்திருக்கும் வேலை எந்தக் கணக்கில் வரும் என்று சந்தேகம் இருந்தால், அந்த வேலையில் தினமும் என்னென்ன செய்கிறீர்கள் என்று கமென்டில் எழுதுங்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் சொல்கிறேன்.