பிள்ளைகள் பிந்தி வரட்டும், கேற் மட்டும் நேரத்துக்குத் திறக்கட்டும்

2021 ஜூலை 11, ஞாயிறு. லண்டன் வெம்பிளியில் இங்கிலாந்து விளையாடிய யூரோ உதைபந்தாட்ட இறுதிப் போட்டி பெனால்ரி வரை இழுபட்டு முடியும்போது இரவு பதினொரு மணியை நெருங்கிவிட்டது. அடுத்த நாள் பாடசாலை. இங்கிலாந்தில் பல பாடசாலைகள் முன்கூட்டியே பெற்றோருக்கு எழுதியிருந்தன: திங்கட்கிழமை பிள்ளைகள் கொஞ்சம் பிந்தி வரலாம், அதை ஒரு குற்றமாக எடுக்க மாட்டோம். 2024 இல் பெர்லினில் ஸ்பெயினுடன் இறுதிப் போட்டி வந்தபோதும் இதே கதைதான். இரண்டு தரமும் இங்கிலாந்து தோற்றது, அது வேறு விஷயம்.

இங்கிலாந்தில் இருக்கிற எங்கள் தமிழ் ஆட்களின் வட்ஸ்அப் குழுக்களில் இந்தச் செய்தி வந்தால் பதில் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "படிப்பைவிடப் பந்து பெரிசோ?" "வெள்ளைக்காரன் இப்படித்தான் கெட்டுப்போனவன்." இதை எழுதுகிற அண்ணன்மாரில் சிலர் யாழ்ப்பாணத்தில் படித்தவர்கள். யாழ். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸுக்கும் ‘வடக்கின் பெரும் போர்’ என்கிற கிரிக்கெட் போட்டி நடக்கிற நாட்களில் இவர்கள் எந்த வகுப்பில் இருந்து எந்தப் பாடம் கேட்டார்கள் என்று நான் குழுவில் கேட்கவில்லை. கேட்டால் குழுவை விட்டுத் தூக்கிவிடுவார்கள்.

என் கட்சி நேரே இதுதான்: பிந்தி வர விடுவது சரி. விடாவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். காலமை எட்டு மணியிலிருந்து பாடசாலை அலுவலகத்து ரெலிபோன் ஓயாது. ஒரு பிள்ளைக்கு வயிற்றுக்குத்து, இன்னொன்றுக்குக் காய்ச்சல், மூன்றாவதற்குப் பல்லுவலி. போனை எடுக்கிறவருக்கும் தெரியும், எடுத்தவருக்குத் தெரியும் என்பது அடித்தவருக்கும் தெரியும். பொய் சொல்லக் கூச்சப்பட்ட வீட்டுப் பிள்ளை மட்டும் ஒன்பதரைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து மாட்டுப்படும். இங்கே வரவு இடாப்பு ஒரு நாளில் இரண்டு தரம் எடுக்கிறார்கள், காலைக்கு ஒன்று, பின்னேரத்துக்கு ஒன்று. காலை இடாப்பை மூடிய பிறகு வந்தால், அனுமதியில்லாமல் அந்தக் காலை முழுக்க வராத கணக்கு. உண்மை சொன்ன பிள்ளைக்கு அரை நாள் போச்சு, காய்ச்சல் என்று சொன்ன பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. முன்கூட்டி எல்லோருக்கும் பொதுவாக அறிவித்துவிட்டால் இந்த நாடகம் இல்லை.

படிப்புக் கெட்டுவிடும் என்பதும் எடுபடாது. பாடசாலை வருடம் 190 நாள். அந்த 2021 ஜூலையில், அதே கிழமையில், இங்கிலாந்தின் அரச பாடசாலைகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கொரோனா காரணமாக வகுப்புக்கு வெளியே இருந்தார்கள். யாரோ ஒரு பிள்ளைக்குத் தொற்று என்றால் அதோடு இருந்த குழுவே வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. அந்த நிலைமையில் ஒரு மணித்தியாலத்தைப் பற்றி இவ்வளவு பேரும் இவ்வளவு கவலைப்பட்டது எனக்கு ஆச்சரியம்தான்.

ஆனால் எல்லாப் பாடசாலைகளும் செய்த விதம் சரி என்று சொல்ல மாட்டேன். பிள்ளை பிந்தி வரலாம் என்பது ஒன்று, பாடசாலையே பிந்தித் திறக்கும் என்பது வேறொன்று.

வெம்பிளி, ஹாரோ பக்கம் காலமை ஏழே முக்காலுக்கு ஒரு ஆரம்பப் பாடசாலை வாசலில் நின்று பாருங்கள். காலைச் சாப்பாட்டுக் கிளப்புக்குப் பிள்ளையை விட வருகிறவர்கள் யார்? முதியோர் இல்லத்துச் சீருடையோடு ஒரு தாய், கார் எஞ்சினை நிறுத்தாமலே பிள்ளையின் பையை எடுத்து நீட்டுவார். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து வந்த தகப்பன், வீட்டுக்குப் போய்ப் படுக்க முன்னம் செய்கிற கடைசி அலுவல் இது. உள்ளே மண்டபத்தில் நீள மேசையில் பாண் வாட்டி வெண்ணெய் பூசிக் கொடுப்பார்கள், சீரியல் இருக்கும், பால் இருக்கும். சில பிள்ளைகளுக்கு மத்தியானம் வரைக்கும் அதுதான் சாப்பாடு. இப்படிப்பட்ட வீட்டுக்கு "நாளைக்குப் பத்து மணிக்குத்தான் திறப்போம்" என்று ஒரு குறுஞ்செய்தி போனால் அது சலுகை இல்லை. அரை நாள் சம்பளம் போச்சு. வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்கிறவருக்குத்தான் அது சலுகை.

2021 இறுதிப் போட்டி இரவு பெனால்ரி தவறவிட்ட மூன்று இங்கிலாந்து வீரர்களில் ஒருவர் மார்கஸ் ரஷ்ஃபோர்ட். 2020 ஜூனில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, கோடை விடுமுறையிலும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு வவுச்சர் கொடுக்க வைத்தவர். சின்ன வயதில் தன் வீடு பாடசாலைக் காலைச் சாப்பாட்டையும் இலவச மதிய உணவையும் நம்பி இருந்ததை அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தார். அவர் விளையாடிய போட்டிக்காகக் காலைச் சாப்பாட்டுக் கிளப்பைப் பூட்டுவது எவ்வளவு கோணலான காரியம் என்று யோசியுங்கள்.

ரஷ்ஃபோர்ட், சான்சோ, சாக்கா. மூவரும் கறுப்பின இளைஞர்கள், சாக்காவுக்கு அப்போது 19 வயது. போட்டி முடிந்த கையோடு சமூக வலைத்தளங்களில் அவர்கள் மேல் நிறவெறி வசவு கொட்டத் தொடங்கிவிட்டது. மான்செஸ்டர் விதிங்டனில் சுவரில் வரைந்திருந்த ரஷ்ஃபோர்ட் ஓவியத்தை இரவோடு இரவாக அசிங்கப்படுத்தினார்கள். திங்கள் காலமை எங்கள் பிள்ளைகள் பாடசாலைக்குப் போனது இதையெல்லாம் போனில் பார்த்துவிட்டுத்தான். கன்னத்தில் பூசிய இங்கிலாந்துக் கொடியின் சிவப்புச் சிலுவை முழுக்கக் கழுவுப்படாமல், காதோரத்தில் இளஞ்சிவப்பாக ஒட்டிக்கொண்டிருக்க, எட்டு வயதுப் பிள்ளை கேட்ட கேள்வி: "சாக்கா வெள்ளையாக இருந்திருந்தால் பேசாமல் விட்டிருப்பார்களா?" அதற்கு வாசலில் நின்று பதில் சொல்ல முடியாது. வகுப்பில் ஒரு நல்ல ரீச்சர் பிள்ளைகளை வட்டமாக இருத்தி அரை மணித்தியாலம் கதைத்தால் சொல்லலாம். சில ரீச்சர்மார் அன்று அதைச் செய்தார்கள், பாடத்திட்டத்தை மூடி வைத்துவிட்டு. அந்த முதல் மணித்தியாலத்துக்கு அதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை.

சரி, இனி என் பழைய ஆத்திரத்துக்கு வருகிறேன்.

பந்துக்கு இவ்வளவு பெரிய மனசு காட்டுகிற இதே அமைப்பு, அம்மம்மாவின் செத்தவீட்டுக்கு என்ன செய்கிறது? விசேட காரணம் இருந்தால் மட்டும் அதிபர் லீவு கொடுக்கலாம் என்பது 2013 முதல் விதி. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் யாழ்ப்பாணம் போக லீவு கேட்டது. இரண்டு நாள் கிடைத்தது. போய்வரப் பயணத்துக்கே இரண்டு நாள் வேண்டும், எட்டுச் செலவு, அந்தியேட்டி போன்ற செத்தவீட்டுச் சடங்குகள் என்பதெல்லாம் அலுவலகத்தில் இருந்தவருக்கு விளங்கவில்லை, விளங்கப்படுத்த இவர்களுக்கும் அந்த நேரம் தெம்பில்லை. போனார்கள், வந்தார்கள், தண்டக் கடிதம் காத்திருந்தது. இப்போதைய கணக்கைச் சொல்கிறேன்: பத்துப் பாடசாலைக் கிழமைகளுக்குள் அனுமதியில்லாத அரை நாட்கள் பத்துச் சேர்ந்தால் தண்டம் வரலாம். 2024 ஓகஸ்ட் முதல் ஒவ்வொரு பிள்ளைக்காகவும் தாய், தகப்பன் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்ஸ். இரண்டு பிள்ளை, தாய் தகப்பன் என்றால் 320. 21 நாளுக்குள் கட்டாவிட்டால் இரட்டிப்பு.

வைற் தீவைச் சேர்ந்த ஜோன் பிளாற் என்ற தகப்பன் 2015 இல் மகளை புளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குக் கூட்டிப் போய், தண்டம் கட்ட மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார். மகளின் வரவு 90 சதவீதத்துக்கு மேல். அப்படியிருந்தும் 2017 ஏப்ரலில் தோற்றார். நீதிமன்றம் சொன்ன ஒரு காரணத்தை நான் ஏற்கிறேன்: ஒரு பிள்ளை நினைத்தபடி நின்றுவிட்டால் அதன் படிப்பு மட்டுமல்ல, மற்றப் பிள்ளைகளின் படிப்பும் குழம்பும். ரீச்சர் திரும்ப முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். பந்துக் காலையில் அந்தச் சிக்கல் இல்லை, முதல் மணித்தியாலத்தில் புதுப் பாடம் எடுக்காவிட்டால் போதும். ஆக, பாடசாலைக்கு வளைந்து கொடுக்கத் தெரியும். யாருடைய காரணத்துக்கு வளைகிறது என்பதில்தான் எனக்குச் சண்டை. நாட்டோடு சேர்ந்து பந்து பார்ப்பது எல்லோருக்கும் விளங்குகிற காரணம். எங்கள் அந்தியேட்டி அப்படியில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இரவு எட்டு மணிக்குப் போட்டியை வைத்தது பிள்ளைகளோ அதிபரோ இல்லை. ஐரோப்பா முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் ஆட்கள் கூடுகிற நேரம் பார்த்து வைக்கிறார்கள். நேரத்தை மாற்றவே முடியாது என்றும் இல்லை. 2026 மே 30, புடாபெஸ்ட் சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியை மத்திய ஐரோப்பிய நேரப்படி வழமையான இரவு 9 மணியிலிருந்து மாலை 6 மணிக்கு மாற்றுவதாக, இந்தப் போட்டிகளை நடத்துகிற ஐரோப்பிய உதைபந்தாட்ட அமைப்பான யுஇஎஃப்ஏ தானே அறிவித்தது, குடும்பங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வசதி என்று சொல்லி. சனிக்கிழமைப் போட்டிக்கே அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு ஏன் முடியாது?

உலகக் கிண்ணத்தில் நேர வித்தியாசம் இருப்பதால் அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. 2002 இல் ஜப்பானில் நடந்த இங்கிலாந்து–பிரேசில் போட்டி இங்கே வெள்ளிக்கிழமை காலமை ஏழரைக்கு. சில பாடசாலைகள் பிள்ளைகளை வெள்ளன வரச் சொல்லி மண்டபத்தில் திரை கட்டிக் காட்டின. 2026 இல் தலைகீழ்: இங்கிலாந்து–குரோஷியா ஜூன் 17 புதன், இங்கே இரவு 9 மணி. கானாவுடன் ஜூன் 23 செவ்வாய், அதுவும் 9 மணி. ஸ்கொட்லாந்துப் பிள்ளைகள் பாவம், பிரேசிலுடன் விளையாடுவது புதன் இரவு 11 மணிக்கு.

எங்கள் பாடசாலைக்கு நான் எழுதுகிற மின்னஞ்சலில் இவ்வளவுதான் இருக்கும். ஜூன் 18 உம் 24 உம் பத்து மணி வரை யார் வந்தாலும் பிந்தியதாகப் பதிய வேண்டாம். கேற்றும் காலைச் சாப்பாட்டுக் கிளப்பும் வழமையான நேரத்துக்கே திறக்கட்டும். பத்து மணி வரை வாசிப்போ படம் கீறுவதோ போதும். இதை ஒரு கிழமை முன்னமே அறிவியுங்கள், வேலை நேரம் மாற்றுகிறவர்கள் மாற்றட்டும். லீவு விதியைப் பற்றித் தனியாக இன்னொரு கடிதம் எழுதுகிறேன், இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரண்டுக்கும் பதில் வராது. உங்கள் பாடசாலைக்கும் அனுப்ப விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள், ஆங்கிலப் பிரதியை அனுப்பி வைக்கிறேன்.